சாப்பாட்டுச் சீட்டுக்கு முன்னால் குணத்தைக் கேட்கும் டயட்டீஷியன்: ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு விமர்சனம்

குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் குரோன் நோய்க்கு மருந்தோடு உணவுச் சிகிச்சையும் எடுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் தம்பியும் மதுரையில் இருக்கும் ஒரு டயட்டீஷியனிடம் பன்னிரண்டு வாரத் திட்டத்தில் சேர்ந்து முடித்திருக்கிறோம். முதல் சந்திப்பு நேரில், மீதியெல்லாம் வீடியோ காலும் வாட்ஸ்அப்பும். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். மீதி ஒன்றை ஏன் கையில் பிடித்து வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்கிறேன். அவருடைய பெயரைப் போடவில்லை. ஒற்றை ஆளாக நடத்துகிறார், விளம்பரம் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். உங்கள் குடல் டாக்டரிடம் விசாரித்தால் இந்த வேலை தெரிந்தவர் யார் என்று சொல்வார். யாரிடம் போனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயங்கள்தான் கீழே இருப்பவை.

நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இருவருக்கும் ஒரே வயிற்று நோய். கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கு முதலில் வந்தது. குடல் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கோப் போட்டுப் பார்த்தாலும், சதை எடுத்துச் சோதித்தாலும் பல நேரம் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் நம் நாட்டில் இது நிறையப் பேருக்கு நடக்கிறது. அதனால் யார் மேலும் கோபமில்லை. கோபமெல்லாம் அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில் கையில் திணித்த ஜெராக்ஸ் சீட்டின் மேல்தான். காரம் கூடாது, எண்ணெய் கூடாது, பால் கூடாது, ஓட்ஸ் சாப்பிடவும், புரோக்கோலி சாப்பிடவும். மண்டபத்தில் புரோக்கோலிக்கு நான் எங்கே போவேன்? தம்பிக்கு நோய் வந்தபோது அவன் கையிலும் அதே சீட்டு. நான் அதை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். அவன் அதில் கடலை மடித்துச் சாப்பிட்டான். ஒரே சீட்டு ஏன் இரண்டு பேருக்கு உதவாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது, டயட்டீஷியன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதற்கு என்ன செய்யலாம் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

முதல் சந்திப்பில் முக்கால் மணி நேரம் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனை, குடல் அழற்சியைக் காட்ட மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் அளவு எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பத்தே கேள்விகள் உள்ள ஒரு தாளை நீட்டினார். சட்டென்று பதற்றப்படுவீர்களா, எடுத்த வேலையை முழுசாக முடிப்பீர்களா, கலகலப்பாகப் பழகுவீர்களா, மற்றவர்களிடம் குற்றம் கண்டுபிடிப்பீர்களா, இப்படி. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும், ஒன்று என்றால் துளியும் இல்லை, ஐந்து என்றால் அப்படியே நான். மனிதர்களின் குணத்தை ஐந்து பெரிய பிரிவாகப் பார்ப்பது உளவியலில் பழக்கமாம்: ஒழுங்கு, பதற்றம், பிறரோடு கலப்பது, இணங்கிப் போவது, புதியதை ஏற்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி. பெரிய கேள்வித்தாள்களைச் சுருக்கி 2007இல் வெளிவந்த சின்ன வடிவம் இது.

“சோம்பேறியா?” என்ற கேள்வியில் தம்பி நின்றுவிட்டான். “ராத்திரி முழுக்க முழிச்சு மடிவலை இழுக்கிறவன்கிட்ட இதைக் கேக்கலாமா மேடம்?” என்றான். அவர் சிரித்துக்கொண்டே, “அப்போ ஒண்ணு போடுங்கண்ணே” என்றார். அவன் போட்டான். தமிழாக்கம் சுமார்தான். சில கேள்விகளை அவரே வாய்விட்டு விளக்கினார். பத்துக் கேள்வியில் ஒரு மனிதரை அளக்க முடியாது, பேச்சைத் தொடங்க ஒரு வழி, அவ்வளவுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

எனக்கு ஒழுங்கும் பதற்றமும் இரண்டுமே உச்சம். எதிர்பார்த்ததுதான். கடல்பாசி வாங்கும் ஏஜெண்டிடம் கணக்கு எழுதுகிறேன், கிலோவுக்கு ஐம்பது காசு இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது. தம்பிக்குப் பிறரோடு கலப்பது உச்சம், ஒழுங்கு தரையில். தங்கச்சிமடத்தில் விசைப்படகு டிரைவர். நாலு பேர் இல்லாமல் ஒரு டீ குடிக்க மாட்டான்.

இதை வைத்து எங்களைத் திட்டவோ பாராட்டவோ போகிறார் என்று நினைத்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு, “அக்கா, உங்களைப் பத்திதான் எனக்குக் கவலை ஜாஸ்தி. அண்ணன் தப்பு பண்ணுவார், தப்பு பண்ணினா எனக்குத் தெரியும். நீங்க தப்பே பண்ணாம மெலிஞ்சு போவீங்க” என்றார்.

திட்டம் எதுவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலில் ஆரி லெவின் என்ற குழந்தைகள் குடல் டாக்டரும் அவர் குழுவும் உருவாக்கிய விலக்கு உணவு முறைதான் அடிப்படை. முதல் ஆறு வாரம் பாதிக் கலோரி முழுச்சத்துப் பவுடரில், பாதி குறிப்பிட்ட உணவுகளில். அடுத்த ஆறு வாரம் பவுடர் கால் பங்கு. அப்புறம் நீண்டகாலக் கட்டம். இதற்கு முன்னால் இருந்த முறை வெறும் பவுடர் திரவத்தை மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் குடிப்பது. குரோன் உள்ள பிள்ளைகளுக்கு நோயை அடக்க நன்றாக வேலை செய்யும், ஆனால் வாயில் வேறு எதுவும் படக்கூடாது. 2019இல் வந்த ஆய்வில் இரண்டு முறைகளையும் பிள்ளைகளிடம் ஒப்பிட்டார்கள். முதலில் பார்த்தது நோய் அடங்கியதா என்பதைக்கூட அல்ல, பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்களா என்பதைத்தான். புது முறையை 40 பேரில் 39 பேர் தாங்கினார்கள், வெறும் திரவத்தை 38 பேரில் 28 பேர். 2022இல் பெரியவர்களிடமும் ஒரு சிறிய ஆய்வு வந்தது. எவ்வளவு நல்ல மருத்துவ உணவாக இருந்தாலும் தொண்டையைத் தாண்டினால்தான் அது மருந்து என்பார் எங்கள் டயட்டீஷியன். லேசான, நடுத்தர அளவு நோய்க்குத்தான் இது. டாக்டர் சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் இல்லை. எங்கள் இருவருக்கும் நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் அசதியோபிரின் மாத்திரை அப்படியே தொடர்ந்தது.

இனி சாப்பாடு. தினமும் கட்டாயம்: கோழி நெஞ்சுக்கறி, இரண்டு முட்டை, இரண்டு வாழைப்பழம், ஒரு ஆப்பிள், தோல் சீவி அவித்து ஆறவைத்த இரண்டு உருளைக்கிழங்கு. ஆறவைத்தால் கிழங்கின் மாவில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும். அரிசி உண்டு. பால், கோதுமை, பாக்கெட் பண்டம், பதப்படுத்திய இறைச்சி இல்லை. முதல் கட்டத்தில் பருப்பு வகையும் இல்லை. அப்படியென்றால் சாம்பார் போச்சு, உளுந்து இருப்பதால் இட்லி தோசையும் போச்சு. இட்லியைக் கூடவா என்று எங்கள் அம்மா அன்று முழுக்கப் புலம்பினார். வீட்டில் இடித்த பச்சரிசி மாவில் இடியாப்பம் பிழிந்துகொள்ளலாம் என்றபோதுதான் அடங்கினார். பரோட்டா கிடையாது. கருவாடு கிடையாது. பால் போட்ட டீ கிடையாது. இந்த மூன்றையும் கழித்தால் தங்கச்சிமடத்தில் ஆம்பளைகளுக்கு என்ன மிச்சம் என்று தம்பி கேட்டான்.

கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மீன் வாரம் ஒரே ஒரு நாள், அதுவும் கொழுப்பில்லாத புது மீன். இங்கேதான் முதல் குறை. அவருடைய சீட்டில் பெயர் போட்டிருந்த மீன்கள் எதுவும் எங்கள் கரையில் இறங்குவதில்லை. நகரை என்றால் என்ன, விளமீன் எப்படியிருக்கும், காரலில் முள் எவ்வளவு, எல்லாம் நாங்கள் படம் அனுப்பித்தான் அவர் தெரிந்துகொண்டார். கற்றுக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் மதுரையில் உட்கார்ந்து ராமநாதபுரம் ஜில்லாவுக்கே சீட்டு எழுதுகிறவர் ஒரு தடவை பாம்பன் மீன் ஏலத்துக்கு வந்து போயிருக்கலாம். முதல் சீட்டு முழுக்க இங்கிலீஷில் வந்தது இன்னொரு குறை. கேட்ட பிறகு தமிழில் அனுப்பினார்.

நாங்கள் தொடங்கியது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா முடிந்த கையோடு. அதாவது தவக்காலம். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, ஆனால் சீட்டில் தினமும் கோழி. இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குள் பெரிய தவிப்பு. தம்பிக்குத் தவிப்பெல்லாம் இல்லை. “அதெல்லாம் எனக்குத் தெரியாது, பங்குச்சாமியாரிடம் கேளுங்கள்” என்று டயட்டீஷியன் சொல்லிவிட்டார். நோயாளிகளுக்கு ஒறுத்தல் விதி கட்டுப்படுத்தாது என்று சாமியார் சொன்னார், எனக்குச் சமாதானம் வரவில்லை. கடைசியில் டயட்டீஷியனே வழி சொன்னார். வாரத்தில் ஒரு மீன் நாளை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் இவரிடம் எனக்குப் பிடித்தது. பதற்றப்படாதீர்கள் என்று சொல்லும் ஆட்கள் ஏராளம், பதற்றத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறவர் குறைவு.

எனக்கு அவர் போட்ட விதிகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். சாப்பாட்டு நோட்டை நீளமாக எழுதக் கூடாது. நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த நோட்டைக் காட்டினேன். எந்த வேளை என்ன தின்றேன், எத்தனை மணிக்கு வலி, எத்தனை தடவை வெளியே போனேன் என்று கோடு போட்டு நிரப்பியிருந்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “அருமையா இருக்குக்கா. இனிமே ஒரு நாளைக்கு மூணு வரிதான்” என்றார். தக்காளி சாப்பிட்ட அன்று வலித்தால் தக்காளியை அடித்துவிடுவேன், பூசணிக்காய் அன்று வலித்தால் பூசணியை. சீட்டில் அனுமதித்தவற்றில் பாதியை நானே விலக்கி வைத்திருப்பதை அந்த நோட்டிலிருந்துதான் கண்டுபிடித்தார். குடல் அழற்சி உள்ளவர்கள் தேவைக்கு மேல் விலக்கி, எடை குறைந்து, இரும்பும் பி12ம் டி வைட்டமினும் குறைந்து வருவதை நிறையப் பார்க்கிறாராம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் இருந்தால் பி12 உறிஞ்சுவதே கஷ்டம், சாப்பாட்டையும் சுருக்கினால் கேட்கவே வேண்டாம். அதனால் எனக்கான சீட்டில் தவிர்க்க வேண்டியவை என்ற தலைப்பே இல்லை. கட்டாயம் சாப்பிட வேண்டியவை மட்டும். வாரா வாரம் எடை பார்த்து அனுப்ப வேண்டும். குறைந்தால் அவரிடமிருந்து போன் வரும்.

இரண்டாம் கட்டத்தில் எனக்கு இன்னொரு வேலை வந்தது: வாரம் ஒரு புது உணவைச் சேர்க்க வேண்டும். தம்பிக்கு இந்த வேலை கிடையாது, அவன் சொல்லாமலே சேர்ப்பான். எனக்கு அது நோன்பிருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அரைக் கரண்டிப் பருப்பைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சேர்த்த மறுநாள் வயிறு லேசாக இழுத்தால், உடனே அடிக்காமல் இன்னும் இரண்டு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. பருப்பு நின்றது. கொண்டைக்கடலை நிற்கவில்லை. கொண்டைக்கடலைக்காக நான் அழப்போவதில்லை.

அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை வெளியேற்றிவிட்டார். அங்கே நோயாளிகள் ஆளுக்கொரு சாப்பாட்டின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பார்கள், நான் ஒவ்வொன்றையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருந்தேன். தம்பியைக் குழுவில் வைத்துக்கொண்டார். இப்போது அவன்தான் அங்கே பெரிய மனுஷன், காலையில் எல்லாருக்கும் வணக்கம் போடுகிறான்.

சரி, தம்பி விஷயம். அவனுக்கு அட்டவணை எதுவும் தரவில்லை. இரண்டே இரண்டு தீர்மானம். ஒன்று, விடிந்ததும் முதல் டம்ளர் பவுடர். இரண்டு, படகேறும்போது சொந்தச் சோற்றுப் பொட்டலம். மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றார். தம்பி மனைவி போன் போட்டு, என்னிடம் விவரம் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரியைக் காவல்காரி ஆக்கினால் அண்ணன் காவலைத் தாண்டுவதிலேயே குறியாக இருப்பார் என்றார். அவனைத் தெரிந்த யாரும் இதை மறுக்க மாட்டோம்.

அவர் பிடித்தது கூட்டாளிகளை. அவன் தனியாக எடுக்கும் தீர்மானம் சாயங்காலம் வரை தாங்காது, நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை விட மாட்டான் என்று அந்தப் பத்துக் கேள்வியிலும் அரைமணிப் பேச்சிலும் புரிந்துகொண்டிருக்கிறார். டீக்கடையில் வைத்தே எல்லாரிடமும் சொல்லச் சொன்னார். குடலில் புண், மூன்று மாசம் பரோட்டா கிடையாது, யாராவது வாங்கிக் கொடுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு வாங்கிக் கொடுத்தவன் தலையில். இந்த வாக்கியத்தை வீடியோ காலில் சொல்லிப் பழகவும் வைத்தார். இன்னது நடந்தால் இன்னது சொல்வேன் என்று முன்கூட்டியே வாயில் வைத்திருந்தால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. அப்புறம் நடந்ததை நானே பார்த்தேன். டீக்கடைக்காரர் அண்ணன் இவனுக்கென்று ஒரு கண்ணாடி கிளாஸ் ஒதுக்கி, பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, டீ ஆற்றுவதுபோல் உயரத் தூக்கி ஆற்றிக் கொடுப்பார். அவனும் கூட்டத்தோடு நின்று குடிப்பான். வீட்டில் வைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தால் பாதி டின் அப்படியே கிடந்திருக்கும்.

பவுடர் பற்றி அவன் கேட்ட ஒரு கேள்வி எனக்குத் தோன்றாதது. “பால் வேண்டாம்னு சொல்லிட்டு, டின்னுல பால் புரதம்னு போட்டிருக்கே?” உண்மைதான், நாங்கள் குடித்தது பாலின் கேசீன் புரதத்தில் செய்தது. அதில் லாக்டோஸ் நீக்கியிருக்கும், ஆய்வுகளில் பெரும்பாலும் சோதித்ததே இந்த வகைப் பவுடரோடு சேர்த்துத்தான், அதனால் இது விதிவிலக்கு என்றார். எனக்கு முழுத் திருப்தி இல்லை. அவன் திருப்தியாகிவிட்டான்.

பொட்டலங்களின் பின்பக்கம் படிக்கும் பாடத்தை மட்டும் இருவருக்கும் சேர்த்து நடத்தினார். 466, 433 என்ற எண்கள், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைக்கச் சேர்க்கும் குழம்பாக்கிகள். இந்த இரண்டும் எலிகளின் குடலில் அழற்சியைக் கூட்டின என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்தது 407, கராஜீனன். அந்தப் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மண்டபம், வேதாளை, பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் பெண்கள் வளர்க்கிறார்களே, ஊரில் இன்னும் பெப்சி பாசி என்று சொல்கிறோமே, அந்த கப்பாபைகஸ் பாசியை வாங்குவதே அதற்காகத்தான். நாற்பத்தைந்து நாளில் வளர்ந்து, மணலில் காய்ந்து, என் தராசுக் கணக்கில் ஏறி, எங்கோ ஆலையில் கராஜீனனாகி ஐஸ்கிரீமிலும் சாக்லேட் பாலிலும் கெட்டிப்பொருளாகச் சேருகிறது. எனக்குச் சம்பளம் கொடுக்கும் பொருளே எனக்கு விலக்கு. மனிதர்களுக்கு அது எவ்வளவு கெடுதல் என்பது முடிவாகாத விஷயம், ஆய்வகத்திலும் விலங்குகளிடமும் சந்தேகம் எழுந்திருக்கிறது, அதனால் ஒரு ஜாக்கிரதைக்கு விலக்குகிறோம் என்றார். இங்கே கஞ்சி காய்ச்சும் கஞ்சிப்பாசி வேறு, அதிலிருந்து வருவது அகர். இதை நான்தான் அவருக்குச் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

தம்பி நடுவில் தவறினானா? தவறினான். கூட்டாளி வீட்டுக் காதுகுத்தில் பிரியாணி, மேலே ஐஸ்கிரீம். மறுநாள் அவரிடம் சொன்னதும், “அடுத்த வேளை என்னண்ணே சாப்பிட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். இடியாப்பம் என்றான். “அப்போ சரி.” நானாக இருந்தால் எல்லாம் போச்சு என்று முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்திருப்பேன். ஒரு வேளை தவறியதை ஒரு வேளையோடு நிறுத்துவது அவனுக்குத் தானாக வருகிறது. ஒழுங்கு குறைந்தவர்களிடம் இப்படியொரு பலம் இருப்பதை இத்தனை வருஷம் அக்காவாக இருந்தும் நான் கவனித்ததில்லை.

இனி அந்த ஒரு நட்சத்திரம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எங்கள் இரண்டாம் கட்டம் சரியாக அதற்குள் போய் விழுந்தது. தம்பி பவுடரைக் குறைக்க ஆரம்பித்தான், கோழி ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆனது, ஆப்பிள் நின்றே போனது. வாராந்திரப் பேச்சில் அவர் இதை ஒழுங்குக் குறைவு என்று எடுத்துக்கொண்டார். ஆர்வம் தணிகிற நேரம் இது, உங்களைப் போன்ற குணக்காரர்களுக்கு ஏழெட்டு வாரத்தில் இப்படி வரும், புதிதாக ஏதாவது இலக்கு வைப்போம் என்று பேசிக்கொண்டே போனார். அவன் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். கையில் காசில்லை என்று அவன் வாயிலிருந்து வரவில்லை, நாலு பேர் மதிக்க வாழ்கிறவன் வேறென்ன செய்வான். அரசாங்கத்தின் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், இரண்டு மாசத்துக்கும் சேர்த்து. பவுடரும் கோழியும் ஆப்பிளும் வாங்கினால் அதில் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

நான்தான் தனியாகப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்சம் சூடாகவே சொன்னேன்: குணம் குணம் என்கிறீர்களே, கடல் மூடியிருப்பதும் குணமா? அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, முதல் நாளிலேயே வருமானம் எந்த மாசம் வரும், எந்த மாசம் வராது என்று கேட்டிருக்க வேண்டும் என்றார். இரண்டே நாளில் புதுச் சீட்டு வந்தது. ஆப்பிளுக்குப் பதில் அந்தந்த நாளில் மலிவாகக் கிடைக்கும் பழம், கோழிக்குப் பதில் சில நாள் முட்டை கூடுதல், நாட்டுப்படகு மீன் கிடைத்தால் அது, பவுடரை எந்த அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்று ஒரு கோடு. அவனுக்குச் சிறுகுடலில் ஓரிடம் சுருங்கியிருப்பதால் நார் அதிகமுள்ள எதுவும் கூடாது, மலிவு என்று பனங்கிழங்கைத் தொட்டுவிடாதீர்கள் என்று சிவப்பில் எழுதியிருந்தார். திருத்திக்கொண்டார், அதனால் ஒரு நட்சத்திரம் மட்டும் குறைத்தேன். திருத்தாமல் இருந்திருந்தால் இந்த விமர்சனத்தின் தலைப்பே வேறு. பத்துக் கேள்வி கேட்கிற ஒவ்வொருவரும் பதினோராவதாகப் பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். மீனவர், பாசிப் பெண்கள், உப்பளத்து வேலைக்காரர்கள் என்று வருஷத்தில் சில மாசம் சம்பாதிக்கும் கரை இது. இங்கே ஒருவர் சீட்டைக் கைவிட்டால் அவர் மனசைப் பார்ப்பதற்கு முன்னால் மாதத்தைப் பார்க்க வேண்டும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். எனக்குக் கால்புரோடெக்டின் 600க்கு மேல் இருந்தது, முடிவில் 200க்குக் கீழே வந்தது. 50க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 250ஐத் தாண்டினால் அழற்சி ஓடுகிறது என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். தம்பிக்கும் குறைந்தது, என் அளவுக்கு இல்லை. ஆனால் வலி அவனுக்குத்தான் அதிகம் விட்டது. மாத்திரையும் கூடவே ஓடியதால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, டாக்டரும் அப்படித்தான் சொன்னார். எனக்கு எடை குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய விஷயம்.

யாருக்கு இந்தச் சேவை ஒத்துவரும்? சாப்பிடப் பயந்து ஒடுங்கிப்போனவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். எந்தக் கட்டுப்பாட்டிலும் நிற்காத ஆட்களுக்கும் சரி, கூடவே பேச்சுத்துணை வேண்டும் என்கிறவர்களாக இருந்தால். பேச்சே பிடிக்காது, சீட்டைக் கொடுத்தால் போதும் என்கிறவர்களுக்கு இவரிடம் பொறுமை போய்விடும், அவ்வளவு கேள்வி கேட்பார். பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களுக்கு இந்தப் பவுடர்த் திட்டம் இல்லை. அவர்களுக்கு வேறு மாதிரி, எண்ணெயும் பழமும் காயும் மீனும் கலந்த உணவு முறை சொல்கிறார், அதை நான் பார்க்கவில்லை. நோய் கடுமையாக இருந்தாலோ, குடல் அடைப்பு வந்திருந்தாலோ முதலில் டாக்டர்தான்.

கட்டணம் எங்களுக்குச் சுமைதான், பவுடர் செலவு அதைவிடப் பெரியது, முன்னாலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் போன் எடுப்பார், ஞாயிற்றுக்கிழமை எடுக்கவே மாட்டார். ராமேசுவரம் தீவுப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் வீடியோவை விட்டுவிட்டுச் சாதாரண காலில் பேசுவது நல்லது. கடல்தொழிலை நம்பிய வீடாக இருந்தால் ஜூன் கடைசிக்கு மேல் சேருங்கள். அதற்கு முன்னால் சேர வேண்டிவந்தால் தவணை கேளுங்கள், இப்போது கொடுக்கிறார்.